செயல்மிகு கேலக்ஸிகளும் இருண்ட பொருளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாணியம்பாடி, நாட்றம்பள்ளி, எல்லைக்கு அந்தப் பக்கம் குப்பம் என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் பள்ளி மைதானத்திலும் மொட்டைமாடியிலும் தொலைநோக்கி வைத்து வானம் காட்டி வருகிறோம். ஜவ்வாது மலையில் காவலூர் வானோக்ககம் பக்கத்திலேயே இருப்பதால் இந்தப் பகுதிப் பிள்ளைகளிடம் வானத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பஞ்சமே கிடையாது. நிலாவையும் சனியின் வளையத்தையும் பார்த்து முடித்ததும் பேச்சு கருந்துளைக்கும் இருண்ட பொருளுக்கும் வந்து நிற்கும். திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்களை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் எளிமையானவை. போகப் போகக் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டியிருக்கும்.

"செயல்மிகு கேலக்ஸின்னா என்ன சார்? அப்ப மத்ததெல்லாம் சும்மா கிடக்குதா?"

கேலக்ஸி என்றால் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த தொகுதி. பெரிய கேலக்ஸிகள் அநேகமாக எல்லாவற்றின் நடுவிலும் ஒரு பெருங்கருந்துளை இருக்கிறது. சூரியனைப்போல் பல லட்சம் மடங்கிலிருந்து பல நூறு கோடி மடங்கு வரை அதன் நிறை இருக்கும். அதைச் சுற்றியுள்ள வாயு உள்ளே விழ ஆரம்பித்தால் நேராகப் போய் விழாது. வட்டமடித்துத் தட்டுபோலத் திரண்டு, உராய்ந்து, பயங்கரமாகச் சூடேறி ஒளிவிடும். இப்படி நடுப்பகுதி பிரகாசமாக எரிகிற கேலக்ஸியைத்தான் செயல்மிகு கேலக்ஸி என்கிறோம். அவற்றில் மிகப் பிரகாசமானவை குவேசார்கள். கருந்துளைக்குள் எதுவும் விழாதபோது அந்தக் கேலக்ஸி 'சும்மா' இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அங்கே நட்சத்திரங்கள் வழக்கம்போல எரிந்துகொண்டுதான் இருக்கும்.

இதில் கிடைக்கும் ஆற்றல் மலைக்க வைக்கிறது. சூரியனில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகிறது. கருந்துளையில் விழும் பொருளில் சுமார் 10 சதவீதம் ஒளியாகவும் வெப்பமாகவும் வெளியேறிவிடும். வருடத்துக்கு ஒரு சூரியன் அளவு வாயு விழுந்தாலே போதும், லட்சம் கோடி சூரியன்களைத் தாண்டிய வெளிச்சம் வரும்.

"நம்ம பால்வீதியும் அதுல சேருமா?"

இப்போதைக்குச் சேராது. நம் மையத்திலும் சூரியனைப்போல் சுமார் 40 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. அதற்குத் தீனி மிகக் குறைவு, அதனால் அடங்கியே கிடக்கிறது.

"கண்ணுக்கே தெரியாதுங்கறீங்க. அப்புறம் இருண்ட பொருள் இருக்குதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

அதன் ஈர்ப்பை வைத்து. 1933-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, கோமா திரளில் உள்ள கேலக்ஸிகளின் வேகத்தை ஆராய்ந்தார். கண்ணுக்குத் தெரிகிற நிறை மட்டும்தான் அங்கே உண்டு என்றால், அந்த வேகத்துக்குத் திரள் எப்போதோ சிதறிப்போயிருக்க வேண்டும். 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் சுழற்சியை அளந்தார்கள். வெளிவிளிம்புக்குப் போகப் போக வேகம் குறையும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அப்படிக் குறையவில்லை. தெரிகிற நட்சத்திரங்களுக்கு அப்பாலும் ஏராளமான நிறை இருந்தால்தான் அது நடக்கும். வேரா ரூபினுக்கு நோபல் பரிசு கொடுக்காமலே 2016-இல் அவரை வழியனுப்பியது பெரிய அநியாயம் என்பது என் எண்ணம்.

பேரண்டத்தின் மொத்தக் கணக்கில் அணுக்களால் ஆன சாதாரணப் பொருள் சுமார் 5 சதவீதம். இருண்ட பொருள் சுமார் 27 சதவீதம். மீதி இருண்ட ஆற்றல், அது வேறு விஷயம். ஒவ்வொரு கேலக்ஸியும் இருண்ட பொருளால் ஆன பெரிய உருண்டை ஒன்றின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அந்த உருண்டையை 'ஹாலோ' என்பார்கள். கீழே இந்தச் சொல் அடிக்கடி வரும்.

"கருந்துளையும் இருண்ட பொருளும் ஒண்ணுதானே? ரெண்டும் கறுப்புதானே?"

ரெண்டும் வேறு. அளவைப் பார்த்தாலே புரியும். பால்வீதியின் ஹாலோ சுமார் லட்சம் கோடி சூரிய நிறை. அதன் நடுவிலுள்ள கருந்துளை, முன்பே சொன்னபடி, வெறும் 40 லட்சம். ஹாலோ லட்சக்கணக்கான ஒளியாண்டுகளுக்குப் பரவிக் கிடக்கிறது. கருந்துளையோ நம் சூரியக் குடும்பத்துக்குள் அடங்கிவிடும். கருந்துளை என்பது பொருள் நெருக்கி அமுங்கிய ஓர் இடம். இருண்ட பொருளோ ஒளியை வெளிவிடாத, விழுங்காத, எங்கும் பரவிய ஏதோ ஒன்று. அது என்ன துகள் என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"கேலக்ஸிங்க கூட்டமா இருக்குதுன்னு எதை வெச்சுச் சொல்றாங்க? பார்த்தா வானம் பூரா சிதறித்தானே கிடக்குது?"

நியாயமான கேள்வி. கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் தாறுமாறாகப் புள்ளி வைத்தாலும் அங்கங்கே கூட்டம்போலத் தெரியும். அதனால் எண்ணிப் பார்க்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கேலக்ஸிப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் வானத்தில் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதில் உண்டு. இப்போது இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, குறிப்பிட்ட இடைவெளியில், சொல்லப்போனால் 2 கோடி ஒளியாண்டு இடைவெளியில், எத்தனை சோடிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அடுத்து, அதே பரப்பில் கணினியை விட்டுத் தாறுமாறாகப் புள்ளிகள் வைக்கச் சொல்லி, அதிலும் அதே இடைவெளியில் உள்ள சோடிகளை எண்ணுங்கள். நிஜப் பட்டியலில் சோடிகள் அதிகமாக இருந்தால், அந்த அளவில் கேலக்ஸிகள் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன என்று பொருள். சாதாரணக் கேலக்ஸிகளுக்கு இந்த எண்ணிக்கை, தாறுமாறான புள்ளிகளைப்போல் சரியாக இரண்டு மடங்காகும் இடைவெளி சுமார் 2.3 கோடி ஒளியாண்டு. அதைவிட நெருங்கினால் கூட்டம் இன்னும் அடர்த்தி. பத்து மடங்கு விலகினால் அநேகமாகத் தாறுமாறாகவே ஆகிவிடும். இந்தக் கணக்கை அண்டவியலுக்குள் வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர் ஜிம் பீபிள்ஸ். அவருக்கு 2019-இல் நோபல் கிடைத்தது.

"தூரம் எப்படித் தெரியும்? டேப் வெச்சா அளக்க முடியும்?"

ஒளியைப் பிரித்துப் பார்த்து. பேரண்டம் விரிவதால் தூரத்துக் கேலக்ஸியின் ஒளி, சிவப்பு நிறம் நோக்கி நகர்ந்து வந்து சேரும். இதுதான் செம்பெயர்ச்சி. 1963-இல் மார்ட்டின் ஷ்மிட், 3சி 273 என்ற நட்சத்திரம்போல் தெரிந்த ஒன்றின் நிறமாலையில், அதாவது ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் நிறப்பட்டையில், ஹைட்ரஜன் கோடுகள் 16 சதவீதம் நகர்ந்திருப்பதைக் கண்டார். அது நட்சத்திரமே இல்லை, 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது என்று தெரியவந்தது. குவேசார்களின் கதை அங்கே தொடங்கியது.

ஒவ்வொன்றாக நிறமாலை எடுத்தால் ஆயுள் போதாது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு நடத்திய ஸ்லோன் ஆய்வில் ஒரு வழி செய்தார்கள். ஒரு பெரிய அலுமினியத் தகட்டில், வானத்தில் கேலக்ஸிகள் இருக்கும் இடத்துக்கு நேராக 640 துளைகள் போட்டார்கள். பகலில் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு துளையிலும் ஒரு கண்ணாடியிழையைக் கையால் செருகினார்கள். இரவில் அந்தத் தகட்டைத் தொலைநோக்கியில் மாட்டினால் ஒரே நேரத்தில் 640 பொருள்களின் ஒளி வந்து சேரும். பிற்காலத்தில் அது 1000 ஆனது. அரிசோனாவில் 2021-இல் ஆய்வைத் தொடங்கிய டெசி கருவியில் இந்த வேலையை 5000 சிறு ரோபோக்கள் செய்கின்றன. பேரண்டத்தின் வரைபடம் இப்படிக் கைவேலையில் தொடங்கியது என்பது எனக்கு மிகவும் நெருக்கமான செய்தி.

"எண்ணும்போது ஏமாற வழி இல்லையா சார்?"

நிறைய உண்டு. கேட்ட மாணவிக்கு ஒரு சபாஷ். ஸ்லோன் தகட்டில் இரண்டு இழைகளை 55 வில்விநாடிக்கும் கிட்டத்தில் செருக முடியாது, இழையின் தடிமன் இடிக்கும். நிலா அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு அது. ஆக, நெருக்கமாக இருக்கும் சோடிகளே பட்டியலில் விட்டுப்போகும். பால்வீதியின் தூசி மறைக்கும் பக்கத்தில் குறைவாகத் தெரியும். அதனால் தாறுமாறான புள்ளிகளை வைக்கும்போதும் அதே தூசி, அதே விடுபட்ட இடங்கள், அதே எல்லைகள் எல்லாவற்றையும் அப்படியே பின்பற்றி வைக்கிறார்கள். உண்மையான உழைப்பு இங்கேதான் போகிறது.

இன்னொன்று. கேலக்ஸிகளுக்குச் சொந்த ஓட்டமும் உண்டு, அதுவும் செம்பெயர்ச்சியில் கலந்துவிடும். அதனால் ஒரு திரள், நம் பார்வைத் திசையில் நீட்டி இழுத்ததுபோல வரைபடத்தில் தெரியும். இதைத் திருத்தவும் தெரியும், திருத்தும்போது ஈர்ப்பின் வலிமையே அளவாகக் கிடைக்கும்.

"சரி, இந்தக் கூட்டத்துக்கும் இருண்ட பொருளுக்கும் என்ன சம்பந்தம்?"

இந்தப் பக்கத்தின் உயிரே இந்தக் கேள்வி. கோடையில் பாலாற்றங்கரையில் நின்று பாருங்கள். ஆறு வெறும் மணல். ஆனால் கரையோரம் தென்னந்தோப்புகள் பச்சையாக நீண்டு போகின்றன. மணலுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற வழியைத் தோப்புகள் காட்டிக்கொடுக்கின்றன. கேலக்ஸிகளும் அப்படித்தான், இருண்ட பொருள் திரண்ட இடத்தை அவை காட்டிக்கொடுக்கின்றன. இருண்ட பொருள்தான் முதலில் திரண்டது. அதன் ஈர்ப்பில் வாயு விழுந்து குளிர்ந்து நட்சத்திரங்களாயின.

ஆனால் கேலக்ஸிகளின் கூட்டமும் இருண்ட பொருளின் கூட்டமும் அளவில் ஒன்றல்ல. இதை 1984-இல் நிக் கைசர் தெளிவாக்கினார். ஆரம்பப் பேரண்டத்தில் அடர்த்தி அங்கங்கே ஏறி இறங்கி இருந்தது. ஓர் ஹாலோ உருவாக, ஓரிடத்தில் அடர்த்தி ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும். பெரிய ஹாலோவுக்கு அந்த வரம்பைத் தாண்டுவது அரிது. அப்படித் தாண்டும் இடங்கள், ஏற்கெனவே ஒட்டுமொத்தமாக அடர்த்தி கூடிய பகுதிகளுக்குள்தான் அதிகம் அமையும். ஆகவே பெரிய ஹாலோக்கள் சின்ன ஹாலோக்களைவிட நெருக்கமாகக் கூடியிருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு வகைக் கேலக்ஸி எவ்வளவு நெருக்கமாகக் கூடியிருக்கிறது என்று அளந்தால், அது எவ்வளவு நிறையுள்ள ஹாலோவில் வாழ்கிறது என்று சொல்லிவிடலாம். தராசு இல்லாமல், தொடாமல், இருப்பிடங்களை எண்ணியே காணாத பொருளை எடை போடுகிறோம். எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

"அப்ப குவேசாரைச் சுத்தி எவ்வளவு இருண்ட பொருள் இருக்கும்?"

ஆஸ்திரேலியாவின் 3.9 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 23,000-க்கும் மேற்பட்ட குவேசார்களைச் சேகரித்தார்கள். 2005-இல் வந்த அதன் முடிவுப்படி, குவேசார் வாழும் ஹாலோவின் நிறை சில லட்சம் கோடி சூரியன்கள், அதாவது பால்வீதி ஹாலோவைப்போல் மூன்று நான்கு மடங்கு. ஸ்லோன் ஆய்வும் பெரும்பாலும் அதே வட்டாரத்தில் வந்து நின்றது.

இதைவிடச் சுவையான செய்தி வேறு. பக்கத்திலுள்ள குவேசார்களை எடுத்தாலும், 1000 கோடி வருடத்துக்கு முந்தைய ஒளியில் தெரிகிற குவேசார்களை எடுத்தாலும், ஹாலோவின் நிறை ஏறத்தாழ மாறவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட ஹாலோ மிக அரிது, இப்போது சாதாரணம். அதனால்தான் பழைய குவேசார்கள் சுற்றியுள்ள இருண்ட பொருளைவிட மூன்று நான்கு மடங்கு அழுத்தமாகக் கூடியிருக்கின்றன, பக்கத்தில் உள்ளவை கிட்டத்தட்ட அதற்கு இணையாகவே கூடியிருக்கின்றன. குவேசார் எரிவதற்கு ஏற்ற ஒரு ஹாலோ அளவு இருக்கிறது என்று இது சொல்கிறது.

"பெரிய ஹாலோன்னா பெரிய குவேசாரா இருக்கணுமே?"

அப்படித்தான் தோன்றும், ஆனால் அளவீடுகள் அப்படிச் சொல்லவில்லை. பிரகாசமான குவேசாருக்கும் மங்கலான குவேசாருக்கும் கூட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஒரே அளவு ஹாலோவில், விழும் வாயுவைப் பொறுத்து ஒன்று பளிச்சென்றும் ஒன்று மங்கலாகவும் எரியும் என்றுதான் கொள்ள வேண்டும்.

கோமா போன்ற திரளில் ஹாலோ நிறை பால்வீதியைப்போல் ஆயிரம் மடங்கு. அங்கே வாயு கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கிறது. அவ்வளவு சூடான வாயு குளிர்ந்து கருந்துளைக்குள் விழுவது கடினம், ஆகவே குவேசார் அங்கே அரிது. வானொலி அலைகளைப் பீய்ச்சும் செயல்மிகு கேலக்ஸிகள் மட்டும் விதிவிலக்கு. அவை பெரிய ஹாலோக்களை விரும்புகின்றன, கூட்டத்தின் அளவிலும் அது தெரிகிறது. கன்னித் திரளின் நடுவிலுள்ள எம்87 அந்த வகை. 2019-இல் முதல்முறையாகப் படம் வந்த கருந்துளை அதனுடையதுதான், சூரியனைப்போல் 650 கோடி மடங்கு. பெர்சியஸ் திரளின் நடுக்கேலக்ஸியும் இப்படித்தான். அதன் வீச்சு சுற்றியுள்ள சூடான வாயுவில் பெரும் குமிழிகளை ஊதியிருப்பதை எக்ஸ்ரே படங்களில் பார்க்கலாம். அந்த வீச்சே வாயுவைக் குளிரவிடாமல் தடுக்கிறது.

"கருந்துளை இருண்ட பொருளைத்தான் தின்னுதா?"

பெரும்பாலும் இல்லை. வாயுத் துகள்கள் மோதி, ஒளிவிட்டு, ஆற்றலை இழந்து உள்ளே இறங்கும். இருண்ட பொருள் ஒளிவிடாது, உராயாது, ஆற்றலை இழக்க வழியில்லை. அதனால் மையத்தைத் தாண்டி மறுபக்கம் போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்கும். வாயுவைத் தன்னிடம் இழுத்துக் கூட்டிக்கொடுப்பதே அதன் பங்கு.

"ஏம்ப்பா, இதெல்லாம் எத்தினி நாளைக்கு எரியும்?"

குப்பத்தில் ஒரு பெரியவர் கேட்டது. இதற்கும் எண்ணிக்கையே பதில் சொல்கிறது. கூட்டத்தை வைத்து ஹாலோ அளவு தெரிந்துவிட்டது. அந்த அளவு ஹாலோக்கள் பேரண்டத்தில் எத்தனை என்று கணக்கிடலாம். அவற்றில் குவேசார் எரிவது எத்தனையில் என்று எண்ணலாம். நூற்றில் ஒன்றிரண்டு ஹாலோவில் மட்டும் எரிகிறது என்றால், ஒவ்வொன்றும் தன் ஆயுளில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு காலம்தான் எரிகிறது என்று பொருள். இப்படிப் பார்த்தால் ஒரு குவேசார் எரியும் காலம் 1 கோடியிலிருந்து 10 கோடி ஆண்டுகள் வரை வருகிறது. கேலக்ஸியின் வயதோடு பார்த்தால் மிகச் சிறிய காலம். நம் பால்வீதியும் ஒரு காலத்தில் இப்படி எரிந்திருக்கலாம்.

"ரெண்டு கேலக்ஸி மோதுனாதான் எரியுமாமே?"

மோதல் ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல. சில லட்சம் ஒளியாண்டுக்கும் குறைவான இடைவெளியில் குவேசார் சோடிகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கிடைக்கின்றன, மோதல் வாயுவை மையத்துக்குத் தள்ளுகிறது என்பதற்கு அது சாதகம். ஆனால் மங்கலான செயல்மிகு கேலக்ஸிகள் பலவற்றில் மோதலின் தழும்பே இல்லை.

"ஈர்ப்பு விதியே தப்பா இருந்தா? இருண்ட பொருள் தேவையே இல்லியே?"

1983-இல் மில்க்ரோம் இதே யோசனையைத்தான் முன்வைத்தார். தனிக் கேலக்ஸிகளின் சுழற்சியை அது நன்றாகவே விளக்குகிறது, அதை மறுக்கக்கூடாது. திரள்களுக்கு வரும்போது சிக்குகிறது. 'புல்லட்' திரளில் இரண்டு திரள்கள் மோதி, சூடான வாயு நடுவில் தேங்கிவிட்டது. ஆனால் 2006-இல், ஈர்ப்பால் ஒளி வளைவதை வைத்து அளந்தபோது நிறையின் பெரும்பகுதி வாயுவை விட்டு விலகி முன்னே போயிருந்தது. சாதாரணப் பொருள் ஓரிடத்தில், ஈர்ப்பு வேறிடத்தில் என்றால், விதியை மாற்றி மட்டும் சமாளிப்பது கடினம். மேலே சொன்ன கூட்டக் கணக்குகளும் இருண்ட பொருளை வைத்தே ஒத்துவருகின்றன. நான் இருண்ட பொருள் பக்கம்தான் நிற்கிறேன்.

"குவேசாரை வெச்சு பேரண்டத்தையே அளக்கறாங்களாமே?"

ஆமாம். பேரண்டம் பிறந்து 3.8 லட்சம் ஆண்டுகள் வரை, சூடான வாயுவில் ஒலி அலைகள் பரவின. அவை நின்ற தூரம் இன்று சுமார் 50 கோடி ஒளியாண்டாக விரிந்திருக்கிறது. சோடி எண்ணும்போது அந்த இடைவெளியில் சற்றே கூடுதல் வரும். 2005-இல் கேலக்ஸிகளில் அது தெரிந்தது. பிறகு 1.47 லட்சம் குவேசார்களை வைத்து 2017-இல் இன்னும் பழைய காலத்திலும் அளந்தார்கள். மாறாத அந்த அளவுகோலை வெவ்வேறு காலத்தில் வைத்துப் பார்த்தால் பேரண்டம் எவ்வளவு வேகமாக விரிந்தது என்று தெரியும்.

"நம்ம ஊர்லேருந்து இதுல எதையாவது பார்க்கலாமா?"

பார்க்கலாம். மார்ச்சிலிருந்து மே வரை கன்னி ராசி இரவில் உயரத்தில் இருக்கும். 8 அங்குலத் தொலைநோக்கியும் நல்ல இருட்டும் இருந்தால் எம்87 மங்கிய பஞ்சுபோலத் தெரியும். 3சி 273-உம் அங்கேதான். ஒளி அளவு சுமார் 12.9 (இந்த எண் கூடக் கூட மங்கல்), வரைபடம் வைத்துப் பொறுமையாகத் தேட வேண்டும். குளிர்காலத்தில் திமிங்கில விண்மீன் கூட்டத்தில் எம்77 என்ற செயல்மிகு கேலக்ஸி இன்னும் எளிது. வாணியம்பாடி வெளிச்சத்தில் முயலாதீர்கள், ஆலங்காயம் தாண்டிப் போய்விடுங்கள்.

காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. ஆந்திரப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பரில் ஏவிய அஸ்ட்ரோசாட், புற ஊதா, எக்ஸ்ரே ஒளிகளில் செயல்மிகு கேலக்ஸிகளை ஆராய்ந்திருக்கிறது.

"எம் பொண்ணு இதையே படிக்கணும்ங்கறா. என்ன படிக்க வெக்கணும்?"

இயற்பியலில் பி.எஸ்சி., பிறகு எம்.எஸ்சி. அதன்பின் ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் போன்ற இடங்களில் ஆராய்ச்சிக்குச் சேரலாம். காவலூரை நடத்துவதும் அந்த நிறுவனம்தான். கணிதத்தையும் கணினி நிரல் எழுதுவதையும் இப்போதிருந்தே விடாமல் பழகட்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஸ்லோன் ஆய்வின் குவேசார் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது, கடைசிப் பதிப்பில் ஏழரை லட்சம் குவேசார்கள். சாதாரண மடிக்கணினியில் சில ஆயிரத்தைப் பிரித்தெடுத்து, மேலே சொன்னபடி சோடிகளை எண்ணிப் பார்க்கலாம். பிளஸ் டூ கணக்கும் கொஞ்சம் பைத்தானும் போதும். முதலில் தாறுமாறான புள்ளிகளைச் சரியாக வைக்கக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், தப்பு நடப்பது பெரும்பாலும் அங்கேதான்.